ஐடஹோ மாணவர் கொலைகளும் இணையத் துப்பறிவாளர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த வழக்கு?

2022 நவம்பர் 13, ஞாயிறு விடியற்காலை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 25,000. அங்கே கிங் ரோட்டில் இருந்த ஒரு வாடகை வீட்டில், ஐடஹோ பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அதே வீட்டில் இருந்த வேறு இரண்டு மாணவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 30 அன்று பிரையன் கோபர்கர் என்பவர் பென்சில்வேனியாவில் தன் பெற்றோர் வீட்டில் கைதானார். மாஸ்கோவிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில், வாஷிங்டன் மாநில எல்லைக்குள் இருக்கும் புல்மனில், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்தவர். 2025 ஜூலை 2 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூலை 23 அன்று, பரோல் இல்லாத நான்கு ஆயுள் தண்டனைகளும் வீடு புகுந்ததற்காகப் பத்து ஆண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விதிக்கப்பட்டன.

கொலைக்கும் கைதுக்கும் இடையே 47 நாட்கள். துப்புக் கிடைக்காத வழக்காக ஊரும் உலகமும் பேசிய அந்த நாட்களில் ரெடிட், டிக்டாக், யூடியூப், பேஸ்புக் எங்கும் என்ன நடந்தது, அதில் எது எதனால் கோணலாகப் போனது என்பதைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறோம். துப்புத் துலங்காத வேறு வழக்குகளைத் தொடர்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

அந்த 47 நாட்களில் யார் யார் மேல் பழி விழுந்தது?

அன்றிரவு கேமராவில் தெரிந்தவர்கள் மேலும், இறந்தவர்களோடு பழகியவர்கள் மேலும். போலீசே பெயர் குறிப்பிடாமல் “இவர்களுக்குத் தொடர்பில்லை” என்று அறிவிக்க வேண்டியிருந்த பட்டியலைப் பாருங்கள்: உயிர் தப்பிய இரண்டு மாணவிகள், நள்ளிரவுக்குப் பின் உணவு வண்டி அருகே எடுக்கப்பட்ட காணொளியில் நின்றிருந்த இளைஞர், இரண்டு மாணவிகளைக் காரில் வீட்டில் இறக்கிவிட்டவர், அவர்கள் அந்த இரவில் திரும்பத் திரும்ப போன் செய்த ஆண் நண்பர், காலையில் அவசர உதவிக்கு அழைப்புப் போனபோது வீட்டில் இருந்தவர்கள், வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருந்த ஆறாவது நபர். இவர்களோடு, பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் மேலும் பழி போட்டார்கள். இறந்த மாணவர்கள் யாரும் அவரிடம் படித்ததுகூட இல்லை.

இவர்களில் யாருடைய பெயரும் இந்தப் பக்கத்தில் வராது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். பழி பொய் என்று எழுதும்போதும் பெயரைப் போட்டால், தேடுபொறி அந்தப் பெயரையும் கொலையையும் இன்னொரு முறை சேர்த்துக் காட்டும்.

இத்தனை ஆயிரம் பேர் அலசியும் சரியான ஆள் ஏன் கண்ணில் படவில்லை?

அவரைக் காட்டிக்கொடுத்த நான்கு விஷயங்களில் மூன்று அப்போது வெளியே தெரியாது.

ஒன்று, படுக்கையில் கிடந்த தோல் கத்தி உறை. ‘கே-பார்’ என்ற கத்தி நிறுவனத்தின் பெயரும் அமெரிக்க மரைன் படையின் சின்னமும் பொறித்தது. அதன் பிரஸ் பட்டனில் ஒரே ஒரு ஆணின் டிஎன்ஏ இருந்தது. இரண்டு, உயிர் தப்பிய மாணவிகளில் ஒருவர் கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த, அடர்ந்த புருவம் கொண்ட ஆணை வீட்டுக்குள் பார்த்திருந்தார். மூன்று, அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்த வெள்ளை கார். நான்கு, செல்போன் பதிவுகள். காரைப் பற்றி மட்டும் டிசம்பர் 7 அன்று பொதுமக்களிடம் சொன்னார்கள். மற்ற மூன்றும் 2023 ஜனவரி 5 அன்று, கைதுக்கான முகாந்திரத்தை விளக்கும் பிரமாணப் பத்திரம் வெளியானபோதுதான் தெரிந்தன.

அலசியவர்கள் முட்டாள்கள் என்று சொல்வது சுலபம். அது சரியும் அல்ல. சிலர் உழைத்துத்தான் பார்த்தார்கள். ஆனால் கையில் இருந்த பொருள் வேறு: உணவு வண்டிக் காணொளி, இன்ஸ்டாகிராம் படங்கள், பழைய வாடகை விளம்பரத்தில் இருந்த அறைப் படங்கள். இவற்றில் இருப்பவர்கள் எல்லாரும் இறந்தவர்களின் நண்பர்கள். இந்தப் பொருளை எத்தனை கூர்மையாக அலசினாலும் விடை அந்த நண்பர்களில் ஒருவராகத்தான் வந்து நிற்கும். புல்மனில் இருந்த முன்பின் அறியாத ஆராய்ச்சி மாணவர் அந்தப் படங்கள் எதிலும் கிடையாது. பரவலாகப் பேசப்பட்ட பெயர்களிலும் கோபர்கர் பெயர் இல்லை.

ஆகவே எந்த வழக்கிலும் முதலில் கேட்க வேண்டியது “யார் செய்திருப்பார்?” என்பதல்ல. என் கையில் இருக்கும் பொருள் யாரை மட்டும் காட்டக்கூடியது என்று கேளுங்கள். பதில் “இறந்தவரின் நட்பு வட்டத்தை மட்டும்” என்றால், அதிலிருந்து கிளம்பும் சந்தேகத்துக்கு எடை கிடையாது.

போலீஸ் கொஞ்சம் திறந்து பேசியிருந்தால் இவ்வளவு வதந்தி வந்திருக்குமா?

கொஞ்சம் குறைந்திருக்கும். முதலில் “ஊருக்கு ஆபத்தில்லை” என்றார்கள். மூன்று நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, காவல் தலைவர் ஜேம்ஸ் ஃப்ரை “ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது” என்று மாற்றிப் பேசினார். “குறிவைத்த தாக்குதல்” என்ற சொல்லிலும் இதே குழப்பம். யாரை, வீட்டையா ஆளையா என்று கேட்டபோது ஒரு விளக்கம் வந்தது. பிறகு அந்த விளக்கமே தவறான தகவல் பரிமாற்றம் என்றார்கள். இப்படி இரண்டு தடவை வார்த்தை மாறினால் மூன்றாவது வார்த்தையை யாரும் நம்புவதில்லை. பிற்பாடு தங்கள் இணையதளத்தில் வதந்திகளுக்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கி மறுப்புப் போட்டார்கள். தோலுரிக்கப்பட்ட நாய் ஒன்று கிடைத்த செய்தியும், ஒரிகனில் 2021-இல் நடந்த கத்திக்குத்தும் இதனோடு முடிச்சுப் போடப்பட்டன. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அங்கே எழுதினார்கள்.

ஆனால் கத்தி உறையை மறைத்ததில் பிழை சொல்ல முடியாது. கொலைகாரனுக்கும் விசாரணைக்கும் மட்டும் தெரிந்த விவரம் ஒன்று கையில் இருந்தால்தான், பொய்யாக ஒப்புக்கொள்ள வருகிறவர்களை வடிகட்ட முடியும். சாட்சி தான் கண்டதைச் சொல்கிறாரா, செய்தியில் படித்ததைச் சொல்கிறாரா என்று பிரிக்கவும் அது வேண்டும். உறையை எங்கே விட்டோம் என்று தெரிந்துகொண்ட ஆள் என்ன செய்திருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

வெள்ளை எலான்ட்ரா விஷயத்தில் என்ன குழறுபடி?

இந்த வழக்கிலேயே நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

பொதுமக்களிடம் போலீஸ் கேட்டது 2011 முதல் 2013 வரையிலான வெள்ளை ஹூண்டாய் எலான்ட்ரா. கோபர்கரின் கார் 2015 மாடல். சிசிடிவி படங்களை வைத்து எஃப்பிஐ வாகன நிபுணர் முதலில் 2011–2013 என்றார். மேலும் படங்களைப் பார்த்த பிறகு 2016 வரை இருக்கலாம் என்று நீட்டினார். இரவு நேரத்துத் தெருக் கேமராவில் விளக்கின் வடிவம், பம்பரின் கோடு போன்ற ஒன்றிரண்டு அடையாளங்களை வைத்துத்தான் மாடல் ஆண்டைக் கணிக்கிறார்கள். ஆண்டு தப்புவது இயல்பு.

இணையத்தில் ஆனது என்ன? 2011–2013 என்பதைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை எலான்ட்ரா கண்ணில் பட்டால் எண் பலகையோடு படம் போட்டார்கள். ஒரிகனின் யூஜின் நகரில் மோதிச் சேதமான வெள்ளை எலான்ட்ரா ஒன்று நின்றது. தொடர்பில்லை, அதன் உரிமையாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று போலீஸ் சொல்ல நேர்ந்தது. பரிசீலிக்க வேண்டிய வெள்ளை எலான்ட்ராக்கள் சுமார் 22,000 என்று போலீஸ் கணக்குச் சொல்லியிருந்தது. அதில் ஒன்றைத் தெருவில் பார்ப்பது துப்பே ஆகாது.

அதே நேரத்தில் சத்தமில்லாமல் வேறொன்று நடந்திருந்தது. நவம்பர் 25 அன்று மாஸ்கோ போலீஸ் பக்கத்துக் காவல் துறைகளுக்கு இந்தக் காரைத் தேடச் சொல்லியிருந்தது. நவம்பர் 29 நள்ளிரவு தாண்டி, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் வளாகப் பதிவுகளில் வெள்ளை எலான்ட்ராவைத் தேடினார். பென்சில்வேனியா எண்ணுள்ள 2015 மாடல் ஒன்று வந்தது. அரைமணி நேரத்தில் இன்னொரு காவலர் அந்தக் காரைக் குடியிருப்பு வாகன நிறுத்தத்தில் கண்டார். அப்போது அதில் வாஷிங்டன் எண். கொலை நடந்து ஐந்தாம் நாள், நவம்பர் 18 அன்று, பதிவை மாற்றியிருந்தார்கள். பொதுமக்களிடம் காரைப் பற்றிச் சொல்வதற்கு எட்டு நாள் முன்பே கோபர்கர் பெயர் கோப்பில் ஏறிவிட்டது.

அந்தக் காவலர் ஆண்டைப் பார்த்து ஒதுக்கவில்லை. நிறத்தையும் மாடலையும் வைத்துத் தேடி, கண்டதை அப்படியே மேலே அனுப்பினார். நீங்களும் தகவல் தரும்போது போலீஸ் சொன்ன வரம்புக்கு ஒட்டி வெளியே இருப்பதை நீங்களே கழித்துவிடாதீர்கள். கழிப்பது அவர்கள் வேலை.

“போன் 12 தடவை அந்த வீட்டருகே இருந்தது” என்றால், வீட்டு வாசலில் நின்றார் என்று அர்த்தமா?

இல்லை. பிரமாணப் பத்திரம் சொல்வது: கொலைக்கு முன்பு குறைந்தது 12 தடவை, அந்த வீடு இருக்கும் பகுதிக்குச் சிக்னல் தரும் டவரை அவர் போன் பயன்படுத்தியது, ஒரு தடவை தவிர மற்றவை பின்மாலை அல்லது அதிகாலை. ஒரு டவரின் வீச்சு ஊருக்குள் சில நூறு மீட்டராகவும், வயல்வெளியில் பல கிலோமீட்டராகவும் இருக்கும். மாஸ்கோ போன்ற சிற்றூரில் கடைவீதியும் பல்கலைக்கழகமும் அந்த வீடும் ஒரே டவருக்குள் அடங்கலாம். புல்மன் மாணவர் மாஸ்கோவுக்குச் சாமான் வாங்க வருவது அன்றாடம் நடப்பது. எண்ணிக்கையைவிட நேரம்தான் இங்கே பேசுகிறது. 2025-இல் அரசுத் தரப்பு இந்த எண்ணிக்கையைச் சுமார் 23 என்று சொன்னது. அந்தக் கணக்கு இரவு 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடைப்பட்ட வருகைகளைப் பற்றியது.

கொலை நடந்த இரவில் போன் மாஸ்கோ டவரில் பதிவாகவே இல்லை. 2:47-க்குப் புல்மனில் வலையமைப்பை விட்டுப் போனது. 4:48-க்கு மாஸ்கோவுக்குத் தெற்கே மீண்டும் தென்பட்டது. சிக்னல் இல்லாத பகுதி, விமானப் பயன்முறை, அணைத்துவைத்தல் என மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம் என்று பத்திரமே எழுதுகிறது. “போன் அங்கே இல்லை, எனவே அவர் அங்கே இல்லை” என்று வாதிட்டவர்களும், “அணைத்தார், எனவே குற்றவாளி” என்றவர்களும் ஒரே வெற்றிடத்தில் தங்களுக்கு வேண்டியதை நிரப்பிக்கொண்டார்கள். வெற்றிடம் காரின் பாதையோடும் நேரத்தோடும் பொருந்தும்போதுதான் சான்றாகிறது.

99.9998 சதவீதம் என்ற டிஎன்ஏ எண்?

பெரும்பாலோர் தவறாகப் படித்த எண் இது. டிசம்பர் 27 அன்று பென்சில்வேனியாவில் குடும்ப வீட்டுக் குப்பையை எடுத்தார்கள். மறுநாள் ஐடஹோ ஆய்வகம் சொன்னது: குப்பையில் இருந்த ஆண், உறையில் டிஎன்ஏ விட்டவரின் தந்தையாக இருப்பதை விலக்க முடியவில்லை, ஆண்களில் குறைந்தது 99.9998 சதவீதம் பேரை அப்படி விலக்கிவிடலாம். அதாவது 10 லட்சம் ஆண்களில் அதிகபட்சம் இரண்டு பேர்தான் விலக்கப்படாமல் மிஞ்சுவார்கள். இது தந்தையைப் பற்றிய கணக்கு. “மகன் குற்றவாளி என்பதற்கு 99.9998 சதவீத வாய்ப்பு” என்று இதை மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். மகனோடு நேரடி ஒப்பீடு நடந்தது கைதுக்குப் பிறகு, கன்னத்தின் உட்புறத்தில் மாதிரி எடுத்து.

இதற்கு முன்பே மரபுவழித் தேடலில், அதாவது டிஎன்ஏவை வம்சாவளித் தரவுத்தளங்களில் உள்ள தூரத்து உறவினர்களோடு ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரைந்து பார்க்கும் முறையில், எஃப்பிஐக்குப் பெயர் கிடைத்திருந்தது. பிரமாணப் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீதிமன்ற ஆவணத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று எண்ணக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம். அந்தப் பத்திரம் கைதுக்குப் போதுமானதை மட்டும் சொல்லும்.

நேரக்கோடு வரையும்போது எங்கே சறுக்குகிறது?

ஐடஹோவில் இரண்டு நேர மண்டலங்கள். வடக்கே உள்ள மாஸ்கோ பசிபிக் நேரம். தெற்கே தலைநகர் பாய்ஸி மவுண்டன் நேரம், ஒரு மணி நேரம் முன்னால். பாய்ஸியிலிருந்து வந்த செய்தியில் ‘உள்ளூர் நேரம்’ என்றிருந்தால் எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் ‘கோடைக்கால நேரமும்’ 2022 நவம்பர் 6 அன்று முடிந்திருந்தது. ஆகவே 13-ஆம் தேதி மாஸ்கோவில் விடியற்காலை 4:00 என்றால் உலகப் பொது நேரம் 12:00. சமூக ஊடகப் பதிவின் நேரம் உங்கள் கருவியின் மண்டலத்தில் காட்டப்படும்; திரைப்பிடிப்பு எடுத்தவரின் மண்டலம் தெரியாவிட்டால் அந்தப் படத்தை நேரக்கோட்டில் சேர்க்காதீர்கள்.

வரையும் முறை இது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு கட்டங்கள்: நேரம், அதைக் காட்டிய கருவி, அந்தக் கடிகாரத்தை யாராவது சரிபார்த்தார்களா, எந்த ஆவணம் சொல்கிறது. இந்த வழக்கில் பிரமாணப் பத்திரத்தின்படி, வெள்ளை கார் முதலில் வந்தது 3:29. நான்காவது தடவை 4:04. வீட்டுக்கு வரவழைத்த உணவு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 4:00. இறந்த மாணவி ஒருவரின் போனில் டிக்டாக் செயல்பட்டது சுமார் 4:12. பக்கத்து வீட்டுக் கேமராவில் ஒலி பதிவானது 4:17. கார் வேகமாகக் கிளம்பியது 4:20. இவை வெவ்வேறு கடிகாரங்கள். செல்போன் நேரம் வலையமைப்போடு ஒத்துப்போகும். வீட்டுக் கேமரா பல நிமிடம் தள்ளி ஓடலாம். இரண்டு வரிகளுக்கு இடையே மூன்று நிமிடம்தான் இருந்தால், எது முன், எது பின் என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

காணொளியின் ஒலியைப் பெருக்கிக் கேட்டால் பேச்சு புரியுமா?

தெளிவாகப் பதிவானது தெளிவாகும். பதிவாகாதது வராது. உணவு வண்டிக் காணொளி போன்ற நேரலைகள் ஏற்கெனவே அழுத்தப்பட்டவை; மெல்லிய ஒலியைச் சுருக்கும்போதே தூக்கி எறிந்துவிட்டார்கள். அதில் இரைச்சல் நீக்கியைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டினால் மிஞ்சுவது உயிரெழுத்து மாதிரி ஏதோ ஒன்று. அதன்மேல் வசன வரியை ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் அந்த வசனமே கேட்கும். சோதித்துப் பார்க்க விரும்பினால் வசனம் இல்லாத கோப்பை, வழக்கே தெரியாத மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மூவரும் மூன்று விதமாக எழுதினால் விட்டுவிடுங்கள்.

உயிர் தப்பியவர்கள் ஏன் எட்டு மணி நேரம் யாரையும் அழைக்கவில்லை?

அவசர அழைப்பு போனது காலை 11:58-க்கு, மயங்கிக் கிடப்பவர் என்று சொல்லி. இந்த இடைவெளிதான் அந்த இரண்டு மாணவிகளை மாதக்கணக்கில் வாட்டி எடுத்தது. பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்த குறுஞ்செய்திகள், கொலை நடந்த சில நிமிடங்களிலேயே இருவரும் பயந்துபோய் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதைக் காட்டின. வீட்டுத் தோழர்களை அழைத்தும் பதில் இல்லை. இருபது வயதுப் பெண், ஆட்கள் வந்துபோகும் மாணவர் வீட்டில், நடுராத்திரி அந்நியன் ஒருவனைக் கண்டால் உடனே “நான்கு கொலை” என்று நினைப்பாள் என எதிர்பார்க்கிறவர்கள், முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தைப் படிக்கிறார்கள். இருவரும் விசாரணைக்கு ஒத்துழைத்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்ன அடர்ந்த புருவம், சந்தேகத்தை உறுதிப்படுத்திய விவரங்களில் ஒன்று.

நம் ஊகம் விசாரணையைப் பாதிக்குமா?

பாதிக்கும். கைது வரை வந்த துப்புகள் 19,000-க்கு மேல். நேரில் விசாரிக்கப்பட்டவர்கள் 300-க்கு மேல். ஒவ்வொரு துப்பையும் ஒருவர் படித்து, வகைப்படுத்தி, முடித்துவைக்க வேண்டும். “யூடியூபில் இப்படிச் சொல்கிறார்கள், பாருங்கள்” என்பதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

குவியலில் சரியான காகிதம் தொலைந்துபோவது கற்பனையல்ல. இண்டியானாவின் டெல்ஃபியில் 2017-இல் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அன்று அந்தப் பாதையில் தான் இருந்ததாக ரிச்சர்ட் ஆலன் சில நாட்களிலேயே தானாக வந்து சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பில் அவர் வசித்த தெருவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகி, முடிந்துபோன தகவலாக ஒதுங்கிவிட்டது. 2022-இல் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர் கண்டெடுத்தார். 2024-இல் ஆலன் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த ஐந்தரை ஆண்டுகளும் இணையத்தில் ஓயாத ஊகம்.

விசாரணை முடிந்த பிறகும் வால் நீளும். ஐடஹோ வழக்கில் 2023 ஜனவரி தொடக்கத்திலேயே, வழக்கில் தொடர்புள்ளவர்கள் வெளியே பேசக்கூடாது என்ற வாய்ப்பூட்டு உத்தரவு வந்தது. உள்ளூரில் நடுநிலையான ஜூரி கிடைக்காது என்று 2024 செப்டம்பரில் வழக்கு பாய்ஸிக்கு மாற்றப்பட்டது.

“இது என் கருத்து மட்டுமே” என்று போட்டால் சட்டம் தொடாதா?

தொடும். டெக்சாஸைச் சேர்ந்த டிக்டாக் பயனர் ஒருவர், குறி சொல்லும் டாரட் சீட்டு பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்லி, மேலே குறிப்பிட்ட வரலாற்றுப் பேராசிரியர்தான் கொலைக்கு ஏற்பாடு செய்தார் என்று தொடர்ந்து காணொளி போட்டார். நிறுத்தச் சொல்லி வழக்கறிஞர் கடிதங்கள் போயின, நிறுத்தவில்லை. 2022 டிசம்பர் 21 அன்று பேராசிரியர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 2024 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம், சொன்னவை பொய், அவதூறு என்று விசாரணைக்கு முன்பே தீர்மானித்து, இழப்பீட்டுத் தொகையை மட்டும் ஜூரிக்கு விட்டது.

அமெரிக்கச் சட்டத்தில் உச்ச நீதிமன்றத்தின் 1990-ஆம் ஆண்டு மில்கோவிச் வழக்குத் தீர்ப்பிலிருந்தே இது தெளிவு: “எனக்குத் தோன்றுகிறது” என்ற முன்னொட்டு, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டைக் கருத்தாக மாற்றாது. அந்த நாட்டில் 1996-இல் வந்த சட்டப் பிரிவு 230, பிறர் எழுதியதை வெளியிடும் இணையத் தளத்துக்குப் பாதுகாப்புத் தரும். எழுதியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பொதுமக்களால் எப்போதாவது உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, ஆனால் ஊகத்தால் அல்ல. 2021-இல் வயோமிங்கில் காணாமல் போன இளம்பெண்ணின் வழக்கில், பயணக் காணொளி எடுக்கும் தம்பதி தங்கள் பழைய பதிவைத் தேடி, சாலையோரம் நின்ற வெள்ளை வேனைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். உடல் அந்தப் பகுதியில் கிடைத்தது. அவர்களிடம் இருந்தது ஒரு இடம், ஒரு நேரம், அசல் கோப்பு. யாரையும் குற்றவாளி என்று அவர்கள் சொல்லத் தேவைப்படவில்லை.

சரி, என்னிடம் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

முதலில் விசாரணை அமைப்பு என்ன கேட்டது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். மாஸ்கோ போலீஸ் கேட்டது, குறிப்பிட்ட எல்லைக்குள் நவம்பர் 13 அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரையிலான வெளிப்புறக் கேமராப் பதிவு. அதில் அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டும் என்றார்கள். கார் வராத கேமராவும், கார் எந்த வழியில் போகவில்லை என்று சொல்லும்.

பிறகு வேகம். பல வீட்டுக் கேமராக்கள் ஒன்றிரண்டு வாரத்தில் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதும். கேட்டார்களோ இல்லையோ, அருகில் சம்பவம் என்று தெரிந்த அன்றே பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். கருவியிலிருந்து அசல் வடிவத்திலேயே ஏற்றுமதி செய்யுங்கள். திரையை போனில் படமெடுத்தால் நேர முத்திரையும் தரமும் போகும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு அழுத்தப்பட்டு உள்ளிருக்கும் தரவு அழியும். கேமராக் கடிகாரமும் போன் கடிகாரமும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். “கேமரா 4 நிமிடம் 10 விநாடி பின்தங்கி ஓடுகிறது” என்ற ஒரு வரி, பத்துப் பக்க ஊகத்தைவிட அவர்களுக்கு வேலைக்கு ஆகும்.

எழுதும்போது கண்டது, கேட்டது, பிறர் சொன்னது மூன்றையும் தனித்தனிப் பத்தியாக்குங்கள். உங்கள் முடிவை எழுதாதீர்கள். அனுப்பிய பின் இணையத்தில் போடாதீர்கள். போட்டால் மற்ற சாட்சிகளின் நினைவும் உங்கள் பதிவின் சாயலில் மாறிவிடும். பதில் வராது. வராததால் ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருளல்ல.

ஒப்புக்கொண்ட பிறகும் “இரண்டாவது ஆள் இருந்தார்” என்கிறார்களே?

ஒப்புதலில் விளக்கம் இல்லாததுதான் இதற்குத் தீனி. மரண தண்டனை கேட்கப்படாது என்ற உடன்பாட்டில் கோபர்கர் ஒப்புக்கொண்டார், மேல்முறையீட்டு உரிமையையும் விட்டுக்கொடுத்தார். ஏன் செய்தார் என்று சொல்லவில்லை. கத்தியும் கிடைக்கவில்லை. வீடு 2023 டிசம்பர் 28 அன்றே இடிக்கப்பட்டது. இந்த ஓட்டைகளை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தெரியாத காரணம் இன்னொரு ஆளுக்குச் சான்றாகாது. கொலைக்கு எட்டு மாதம் முன்பே, 2022 மார்ச்சில், இதே வகைக் கத்தியும் உறையும் தீட்டுக்கருவியும் அவர் அமேசானில் வாங்கிய பதிவு இருந்ததை அரசுத் தரப்பு காட்டியது. இரண்டாவது ஆள் என்கிறவர்கள் காட்ட வேண்டியதும் இதுபோல ஒன்று: ஒரு பொருள், ஒரு தேதி.

ஒரு வழக்கில் யாரோ ஒருவர் பெயரை நானும் பகிர்ந்துவிட்டேன். இப்போது?

பதிவை நீக்குங்கள், அதற்கு முன் அதன் முகவரியையும் நேரத்தையும் உங்களுக்காகக் குறித்துவையுங்கள். “திருத்தப்பட்டது” என்று பெயரை அப்படியே விட்டு மாற்றி எழுதாதீர்கள். அதே இடத்தில், அதே பார்வையாளர்களுக்கு, பெயர் சொல்லாமல் முன்பு போட்டது ஆதாரமற்றது என்று ஒரு வரி போடுங்கள். உங்கள் பதிவைப் பகிர்ந்தவர்களுக்குத் தனிச்செய்தி அனுப்பி நீக்கச் சொல்லுங்கள். பாதிப் பேராவது கேட்பார்கள். சம்பந்தப்பட்டவருக்கு நேராக மன்னிப்புக் கடிதம் அனுப்பாதீர்கள்: முகம் தெரியாதவர்களின் செய்தி ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருக்கும் இடம் அது. வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டால் வேறு எதையும் நீக்காமல், பதில் எழுதாமல், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் அழிப்பது ஆதாரத்தை அழித்ததாகிவிடும்.